ஏதோ நினைவும் நினைவோடு இருத்தலும்

ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாக, நாள் தவறாமல் காலையில் இருபது நிமிடம் தியானம் செய்துவருகிறேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் மணி வைத்துவிட்டுக் கண்களை மூடுவேன். மூச்சு வருவதையும் போவதையும் சற்று நேரம் கவனிப்பேன். பிறகு மணி அடிக்கும். இடையில் நேரம் போனதே தெரியாது. அப்படித் தெரியாமல் போனதையே தியானம் கைகூடியதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு, யாராவது கேட்டால், உட்கார்ந்தால் இருபது நிமிடம் இரண்டு நிமிடம்போல ஓடிவிடுகிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லியும் வந்தேன்.

அந்தப் பெருமை ஒரு கேள்வியில் கரைந்தது. நீண்ட காலமாகத் தியானம் பழகிவரும் மூத்தவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் வியப்பு எதையும் காட்டாமல், "மணி அடிப்பதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள், பார்ப்போம்" என்றார். "ஒன்றும் நடக்கவில்லை ஐயா, அமைதியாக இருந்தது" என்றேன். "அமைதியாக இருக்கிறது என்பது அப்போதே உங்களுக்குத் தெரிந்ததா? இல்லை, மணி அடித்த பிறகு எதுவும் ஞாபகத்தில் இல்லாததால், அமைதியாகத்தான் இருந்திருக்கும் என்று முடிவு செய்துகொண்டீர்களா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் தியானம் என்று எண்ணிச் செய்துவந்ததில் பெரும்பகுதி, கண்ணை மூடிக்கொண்டு பராக்கில் இருந்ததுதான் என்பதை ஒப்புக்கொள்ள மேலும் சில வாரங்கள் பிடித்தன.

இந்தச் சிக்கல் முழுவதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் ஒடுங்கியிருப்பது எனக்குப் பின்னர்தான் உறைத்தது. எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழாமல் போய், அவர் உரக்க அழைத்த பிறகு திடுக்கிட்டு, ஏதோ நினைவாக இருந்துவிட்டேன் என்கிறோம். மயங்கி விழுந்தவர் கண் விழித்தால், நினைவு திரும்பிவிட்டது என்கிறோம். மறந்துபோன பெயர் மனத்தில் எழுந்தால், நினைவு வந்துவிட்டது என்கிறோம். முதலாவதில் நினைவு என்பது நம்மைத் தூக்கிக்கொண்டு போன எண்ணம், இரண்டாவதில் அது விழிப்பு, மூன்றாவதில் ஞாபகம். பௌத்தத் தியான மரபின் மையச் சொல்லான 'சதி' என்னும் பாலிச் சொல்லும், நினைவில் வைத்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்ததுதான். வடமொழி 'ஸ்மிருதி'யின் பாலி வடிவம் அது. இங்கே நினைவில் வைப்பது பழைய நிகழ்ச்சிகளை அன்று. இப்போது எதைச் செய்யவென்று அமர்ந்திருக்கிறோமோ அதையே. 'சதி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பான 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்ற சொல்லுக்கு இன்று 'மனநிறைவு' என்று சிலர் எழுதுவதைக் காண்கிறேன். மனநிறைவு என்றால் திருப்தி. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. நினைவோடு இருத்தல் என்று சொன்னாலே எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பராக்கு எப்படிப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை கண்கள் வாசித்து முடித்திருக்கும். பொருள் ஒன்றும் உள்ளே போயிருக்காது. வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்திருப்போம். எந்த முனையில் திரும்பினோம் என்று கேட்டால் விழிப்போம். கதவைப் பூட்டியது கை. பூட்டினோமா என்று ஐயப்பட்டுத் திரும்பிப் போய்ப் பார்ப்பது நாம். இவற்றில் உடல் தன் வேலையைச் செவ்வனே செய்துவிடுகிறது என்பதால்தான் நாம் அங்கே இல்லாதது நமக்கே தெரிவதில்லை. கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதோ, தவறிப்போய் நம்மைக் காட்டிக்கொடுக்க அந்த வேலைகூட இல்லை. அதனால், பராக்கு ஒளிந்துகொள்ளத் தியான இருக்கையைவிட வசதியான இடம் வேறில்லை என்பேன்.

மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்னும் இரண்டு உளவியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 2250 பேரைக் கைப்பேசிச் செயலி வழியாக நாளின் வெவ்வேறு நேரங்களில் இடைமறித்து, இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், செய்யும் வேலையில் மனம் இருக்கிறதா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்று கேட்டார்கள். கேட்ட தருணங்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டில் மனம் வேறெங்கோ இருந்தது. மனம் வேலையில் இருந்தபோது இருந்ததைவிட, அலைந்துகொண்டிருந்தபோது மக்கள் குறைந்த மகிழ்ச்சியுடன் இருந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. ஆனால் இதைவிட என்னை அதிகம் பாதித்தது ஜோனதன் ஸ்கூலரும் அவருடைய சகாக்களும் வாசிப்பை வைத்துச் செய்த சோதனைகள். வாசித்துக்கொண்டிருப்பவரிடம், உங்கள் மனம் பிசகியதை நீங்களே கண்டுபிடிக்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்லிவைத்தார்கள். அதோடு எதிர்பாராத நேரங்களில் குறுக்கிட்டு, இப்போது மனம் எங்கே என்றும் கேட்டார்கள். மனம் பிசகுகிறதா என்று காவல் காப்பதே வேலையாக இருந்தும், அந்தக் குறுக்கீடுகளில் பலர் அகப்பட்டார்கள். அதாவது, மனம் அலைவது ஒன்று. அலைகிறது என்று அறிவது இன்னொன்று. இரண்டும் தனித்தனியாக இயங்கக்கூடியவை.

எனக்கு முடிச்சு அவிழ்ந்த இடம் இதுதான். பராக்குக்கும் தியானத்துக்கும் உள்ள வேறுபாட்டை, எண்ணம் இருக்கிறதா இல்லையா என்ற அளவுகோலால் நான் அளந்துகொண்டிருந்தேன். எண்ணங்கள் ஓடினால் பராக்கு, ஓடாவிட்டால் தியானம் என்பது என் கணக்கு. அந்தக் கணக்கின்படி, எதுவும் ஞாபகத்தில் இல்லாத என் இருபது நிமிடம் ஆகச் சிறந்த தியானமாகிவிடும். உண்மையில், எண்ணம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இதோ ஓடுகிறது என்று அறிந்துகொண்டிருப்பவர் தியானத்தில் இருக்கிறார். எண்ணமே இல்லாமல் கல்லாகச் சமைந்திருந்தும் அதை அறியாதவர் அதில் இல்லை. எண்ணமற்ற வெறுமை என்பது அரிய நிலையும் அன்று. மனம் அலைவதிலிருந்து வேறான ஒன்றாக, மனம் வெற்றிடமாகிவிடும் நிலையை ஏட்ரியன் வார்டும் டேனியல் வெக்னரும் 2013-இல் எழுதிய கட்டுரையில் விளக்கியிருக்கிறார்கள். எதை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டால், எதையும் இல்லை என்பதே அப்போது வரும் உண்மையான பதில். அது ஞானமும் இல்லை, நோயும் இல்லை. சாதாரண மனிதர்களுக்குச் சாதாரண நாட்களில் நேர்வது.

வெறுமையைச் சாதனையாக எண்ணி ஏமாறுவது இந்தக் காலத்து வழக்கம் மட்டுமன்று என்று அறிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பௌத்த நூல்கள் தியானத்துக்குத் தடையாகச் சொல்லும் ஐந்தில் மந்தமும் உறக்கச் சோர்வும் சேர்ந்து ஒன்றாக இடம்பெறுகின்றன. மனத்தின் பரபரப்பு இன்னொன்றாக வருகிறது. அத்வைத மரபின் பழைய ஆசிரியரான கௌடபாதரின் மாண்டூக்கியக் காரிகை, மனம் லயத்தில், அதாவது உறக்கம்போன்ற ஒடுக்கத்தில் ஆழ்ந்தால் அதைத் தட்டி எழுப்பு என்றும், சிதறினால் அடக்கு என்றும் இரண்டையும் அடுத்தடுத்துக் கூறுகிறது. சிதறலைத் தவறு என்று எவரும் ஒப்புக்கொள்வார்கள். லயத்தையும் அதே தட்டில் வைத்து, அதுவும் திருத்த வேண்டியது என்று சொன்னதுதான் நுட்பம்.

மனம் தற்காலிகமாக ஒடுங்கும் லயத்துக்கும் அது வேரோடு அழிவதற்கும் உள்ள வேறுபாட்டை ரமண மகரிஷி திரும்பத் திரும்ப வலியுறுத்தியிருக்கிறார். அதற்கு அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. கங்கைக் கரையில் தவமிருந்த ஒரு யோகி, தாகம் எடுக்கவே தண்ணீர் கொண்டுவரும்படி சீடனை அனுப்பிவிட்டு, அவன் திரும்புவதற்குள் லயத்தில் ஆழ்ந்துவிடுகிறார். ஆண்டுகள் பல உருண்டோடிவிடுகின்றன. கண் விழித்ததும் அவர் முதலில் கேட்பது, தண்ணீர் எங்கே என்பது. எந்த எண்ணத்தோடு உள்ளே போனாரோ, அதே எண்ணத்தோடு வெளியே வருகிறார். இடைப்பட்ட காலம் அவரிடம் ஒன்றையும் மாற்றவில்லை. இந்தக் கதையைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, சுருக்கென்றும் இருந்தது. என் காலை இருபது நிமிடத்துக்குள் நான் எந்த எரிச்சலோடு நுழைந்தேனோ, மணி அடித்ததும் அதே எரிச்சலை, ஓரம்கூட மழுங்காமல், அப்படியே கையில் எடுத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.

மூளைக்குள் நடப்பது பற்றிச் சிறிது சொல்ல வேண்டும், அதிகம் வேண்டாம். உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. வெளி வேலை எதுவும் கொடுக்காதபோது மூளையின் சில பகுதிகள் ஓயாமல், மாறாகச் சுறுசுறுப்படைவதை மார்கஸ் ரெய்க்கலின் குழு 2001-இல் எடுத்துக்காட்டி, அதை மூளையின் இயல்பு நிலை இயக்கம் என்று அழைத்தது. கடந்ததை அசைபோடுவது, வரப்போவதைக் கற்பனை செய்வது, தன்னைப் பற்றியே எண்ணிக்கொண்டிருப்பது ஆகியவற்றோடு அந்தப் பகுதிகள் தொடர்புடையவை என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. சும்மா இருப்பதாக நாம் நினைக்கும் நேரத்தில் மூளை சும்மா இருப்பதில்லை. அனுபவமுள்ள தியானிகளிடம் அந்தப் பகுதிகள் சேர்ந்த வலையமைப்பின் முக்கியக் கணுக்கள் தியானத்தின்போது அடங்கியிருப்பதை ஜட்சன் புரூவரின் குழு 2011-இல் கண்டது.

வெண்டி ஹேசன்கேம்ப்பும் உடனாய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வுதான் இவை எல்லாவற்றிலும் எனக்கு நடைமுறைக்கு நெருக்கமானது. தியானப் பழக்கமுள்ள 14 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, மூச்சைக் கவனிக்கச் சொல்லி, மனம் அலைந்ததை உணர்ந்த கணத்தில் ஒரு பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அந்த அழுத்தலை அடையாளமாக வைத்துக்கொண்டு, மனம் அலைதல், அலைந்ததை அறிதல், மூச்சின் பக்கம் திருப்புதல், அங்கே நிலைத்தல் என்ற நான்கு கட்டங்களாகப் பிரித்தபோது, ஒவ்வொரு கட்டத்திலும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் செயல்பட்டன. பயின்றவர்களுக்கும் மனம் அலைகிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அலையாவிட்டால் பொத்தானுக்கு வேலையே இல்லை. பராக்கு என்பது இந்தச் சுற்றின் முதல் கட்டத்திலேயே தேங்கிவிடுவது. தியானம் என்பது நான்காவது கட்டத்தில் நகராமல் உட்கார்ந்திருப்பது என்று நான் நினைத்திருந்தேன். அது முழுச் சுற்றின் பெயர் என்று இப்போது தோன்றுகிறது. அலைந்து திரியும் கவனத்தை மீண்டும் மீண்டும் விரும்பித் திருப்பிக் கொண்டுவரும் திறமே சீர்தூக்கிப் பார்க்கும் அறிவுக்கும் குணத்துக்கும் மன உறுதிக்கும் வேர் என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இலேயே எழுதியிருக்கிறார்; அதைப் பயிற்றுவிக்க வழி சொல்வதுதான் கடினம் என்றும் கூடவே எழுதினார்.

பராக்கையும் தியானத்தையும் உள்ளிருந்தே பிரித்தறிவது எப்படி என்பதுதான் கடினமான கேள்வி. பராக்கில் இருக்கும்போது, நான் பராக்கில் இருக்கிறேன் என்று அறிய முடியாது. அறிந்த கணமே அது முடிந்துவிடும். எனவே அடையாளங்கள் எல்லாம் விளிம்புகளில்தான் கிடைக்கின்றன. எனக்குப் பயன்பட்ட முதல் அடையாளம் ஒலி. யாரோ கதவை மூடினால், நினைவோடு இருக்கும்போது அந்த ஒலி வருகிறது, கேட்கிறது, போய்விடுகிறது. பராக்கில் இருக்கும்போது ஒன்று அது கேட்பதே இல்லை, அல்லது உடல் தூக்கிவாரிப் போடுகிறது. மணி ஓசைக்கும் இது பொருந்தும். நான் ஒவ்வொரு நாளும் மணிக்குத் திடுக்கிட்டு விழித்துக்கொண்டிருந்தேன் என்பது அந்த மூத்தவர் கேட்ட பிறகுதான் எனக்கே நினைவுக்கு வந்தது. உடலின் நிலை இன்னொன்று: தாடை தொங்கி, முகவாய் மெல்லக் கீழே இறங்கி, முதுகு கூனியிருந்தால், எப்போது கூனினேன் என்பதும் தெரியாவிட்டால், அந்த நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை என்றுதான் கொள்ள வேண்டும். எழுந்த பிறகு வரும் உணர்வும் வேறுபடுகிறது. பராக்கிலிருந்து எழுந்தால் பகல் தூக்கத்திலிருந்து எழுந்ததைப் போல ஒரு மப்பு தலையில் தங்குகிறது. மற்றதிலிருந்து எழும்போது எப்போதும் இதமாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும், ஆனால் அந்த எரிச்சல் தெளிவாகத் தெரியும்.

நேரம் போவதே தெரியாமல் இருப்பதை மட்டும் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. விருப்பமான வேலையில் முழுமையாக ஆழ்ந்திருப்பவருக்கும் நேரம் போவது தெரிவதில்லை. அவர் பராக்கில் இல்லை. தனக்கு வெளியே உள்ள ஒன்றில் அவர் முழுக் கவனத்தோடு இருக்கிறார், தன்னைத்தான் மறந்திருக்கிறார். மெய்மறத்தல் என்று தமிழ் அதற்குத் தனிச் சொல் வைத்திருப்பது பொருத்தமே.

எண்ணிக்கையை ஊன்றுகோலாகக் கொண்டால் ஏமாற்றம் குறையும் என்று சொன்னார்கள். மூச்சுகளை ஒன்று முதல் பத்துவரை எண்ணத் தொடங்கினேன். மூன்றாம் நாள் நான் பதினேழில் இருப்பதைக் கண்டேன். எண்ணுவதையும் பராக்கு கற்றுக்கொண்டு, நான் இல்லாத நேரத்தில் எனக்குப் பதிலாகச் செய்யத் தொடங்கிவிட்டது! ஆனால் அந்தப் பதினேழு எனக்குப் பெரிய பரிசு, ஏனென்றால் முன்பெல்லாம் தடமில்லாமல் நழுவிப் போனது இப்போது தடம் விட்டுச் சென்றது. டேனியல் லெவின்சனும் பிறரும் 2014-இல் இதையே அளவுகோலாக்கினார்கள்: ஒன்று முதல் எட்டுவரையான மூச்சுகளுக்கு ஒரு பொத்தான், ஒன்பதாவதற்கு வேறொரு பொத்தான். ஒன்பதைத் தவறவிடுகிறவர் இடையில் எண்ணிக்கையை நழுவவிட்டார் என்பது அதில் புலப்பட்டுவிடும்.

பராக்கை நான் பகைக்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மனத்தை வேண்டுமென்றே மேயவிடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. சில வேளைகளில், முட்டி மோதியும் கிடைக்காத விடை அப்போதுதான் தானாக மேலே வருகிறது. புதிருக்கு நடுவில் எளிய வேலை ஒன்றைக் கொடுத்து மனத்தை அலையவிட்டால் புதிய தீர்வுகள் கூடும் என்று 2012-இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்னர் வந்த எல்லா ஆய்வுகளும் அதை உறுதிசெய்யவில்லை என்றாலும், என் அனுபவம் அதன் பக்கம்தான் சாய்கிறது. எனக்குள்ள மனத்தாங்கல் பராக்கின்மேல் அன்று, அதற்கு நான் வைத்திருந்த பெயரின்மேல்தான். சன்னல் வழியே வெளியே வெறித்துக்கொண்டிருப்பவர் தான் ஓய்வெடுப்பதாகச் சொன்னால் அதில் பொய்யில்லை.

ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போவது சரியாகாது. பேச்சின் நடுவிலேயே ஒருவர் சில நொடிகள் வெறித்து நின்று, தொட்டு அழைத்தாலும் திரும்பாமல், பிறகு எதுவும் நடக்காததுபோலத் தொடர்வது அடிக்கடி நேர்ந்தால், குறிப்பாகக் குழந்தைகளிடம் நேர்ந்தால், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கக்கூடும். மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதேபோல, பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கு, மனம் தன்னைத்தானே விட்டு விலகிப்போவது ஒரு காப்பாகவும் அமைவதுண்டு. அப்படிப்பட்டவர்கள் கண்ணை மூடித் தனியே உட்கார்ந்து பயில்வதைவிட, துறை அறிந்தவர் துணையோடு தொடங்குவது நல்லது.

இப்போது நான் உட்காரும் விதம் மாறியிருக்கிறது. இருபது நிமிடத்தைப் பத்தாகக் குறைத்துவிட்டேன். அதைச் சொல்ல முதலில் கூச்சமாக இருந்தது. கண்களை முழுவதும் மூடாமல், சில அடி தள்ளித் தரையில் பார்வையைத் தளர்வாக வைக்கிறேன். மப்பு கவிவது தெரிந்தால் முதுகை நிமிர்த்துகிறேன். அதற்கும் மசியாவிட்டால் எழுந்து நின்றுகொண்டே தொடர்கிறேன். மனம் போய்விட்டதைக் கண்டதும் சலித்துக்கொள்வதை விட்டுவிட்டேன், ஏனென்றால் சலித்துக்கொண்டால் அந்தச் சலிப்பைப் பற்றிய எண்ணத்தில் இன்னும் இரண்டு நிமிடம் போய்விடுகிறது. நேரம் இப்போது மெதுவாகத்தான் நகர்கிறது. பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்கிறது, சில நாள் பதினைந்தாகவும் தோன்றுகிறது.

மணி அடித்ததும், எழுந்திருப்பதற்கு முன்பே, அந்த மூத்தவரின் கேள்விக்குரிய பதிலை ஒரு குறிப்பேட்டில் ஒரு வரியில் எழுதுகிறேன். இடது காலில் மரமரப்பு, அதை மாற்றலாமா என்ற வாதம் என்று ஒரு நாள் இருக்கிறது. பழைய சண்டை ஒன்றில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில், மூன்று முறை என்று இன்னொரு நாள். மூச்சு மூக்கு நுனியில், குளிர்ச்சியாக என்பது அரிதாக வரும் வரி. கடந்த வாரத்து ஏழு வரிகளில் மூன்றில் 'தெரியவில்லை' என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். அந்த மூன்று நாளும் மணி அடித்தபோது திடுக்கிட்டேன்.